வட்டியில்லாக் கிரெடிட் கார்டில் ஊருக்குப் போகலாமா? லண்டன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிக்கூட விடுமுறை விட்டால்தான் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், விடுமுறை விடுகிற கிழமையில்தான் டிக்கெட் விலை தலைசுற்ற வைக்கும். சரி, கொஞ்சம் முன்பே கிளம்பிவிடலாம் என்றால் இங்கிலாந்தில் 2024 ஆகஸ்டிலிருந்து அபராதம் ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண்ட். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஆகவே எல்லோரும் ஆகஸ்டில்தான் கொழும்புக்கும் சென்னைக்கும் பறக்கிறோம். டிக்கெட், திருகோணமலையிலோ எல்லவிலோ நாலு நாள் ஹோட்டல், வான் வாடகை, சொந்தக்காரருக்குக் கட்டிக்கொண்டு போகிற சாமான் என்று கூட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் "20 மாதம் 0%" என்ற கார்ட் விளம்பரம் கண்ணில் படும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கார்டில் ஆட்கள் 0% என்பதைப் பார்க்கிறார்கள். பயணத்துக்கு இதைவிடப் பெரிய காரியம் அந்தக் கார்ட் தருகிற சட்டப் பாதுகாப்பு. 0% வேண்டாம் என்பவர்களுக்கும் அது உதவும், 0%-ஐ மட்டும் பார்த்துப் போகிறவர்கள் அதைத் தெரியாமலே இழந்துவிடுகிறார்கள். கீழே உள்ளதெல்லாம் பிரிட்டனில் கிடைக்கும் கார்டுகளைப் பற்றியது. இந்தியாவில் சொல்கிற "நோ காஸ்ட் ஈஎம்ஐ" வேறு விவகாரம், அதை இதோடு குழப்ப வேண்டாம்.

உண்மையிலேயே வட்டி இல்லையா, அல்லது எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா?

உண்மையிலேயே இல்லை. சொன்ன மாதங்கள் வரைக்கும், சொன்ன நிபந்தனைகளுக்குள், நீங்கள் வாங்கியதற்கு வட்டி ஒரு பென்னியும் கிடையாது. ஒவ்வொரு மாதமும் குறைந்தபட்சத் தொகையையாவது கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வங்கிக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பது நியாயம். நீங்கள் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரரிடமிருந்து ஒரு சிறு பங்கு போகிறது. ஆனால் வங்கி காத்திருப்பது அதற்காக அல்ல. 0% முடிகிற நாளில் பாக்கி வைத்திருக்கிற ஆட்களுக்காக. முடிந்த மறுநாளிலிருந்து அந்தப் பாக்கிக்கு 24.9% மாதிரி ஒரு வட்டி ஓடத் தொடங்கும், அந்த ஒரு பகுதி ஆட்கள் மற்ற எல்லோருக்கும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். நீங்கள் அந்தப் பகுதியில் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் முழு விஷயமும்.

பர்ச்சேஸ் கார்ட், பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கார்ட் என்று பல வகை இருக்கிறதே?

டிக்கெட் வாங்க வேண்டியது பர்ச்சேஸ் 0% உள்ள கார்ட். பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்பது வேறொரு கார்டில் ஏற்கெனவே இருக்கிற கடனை இங்கே மாற்றுவதற்கு. இரண்டும் ஒரே கார்டில் வரும், ஆனால் மாதங்கள் வேறுபடும்: மாற்றிய கடனுக்கு 24 மாதம், வாங்குவதற்கு 3 மாதம் என்று இருக்கலாம். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண் எதற்குரியது என்று பார்க்காமல் விண்ணப்பிக்காதீர்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கிற 20 மாதம் எனக்கும் கிடைக்குமா?

விளம்பரத்தில் அந்த எண்ணுக்கு முன்னால் "வரை" என்று ஒரு சொல் இருந்தால், கிடைக்காமலும் போகலாம். உங்கள் கடன் வரலாற்றைப் பார்த்துவிட்டு 20-க்குப் பதில் 12 மாதம் தருவார்கள். வட்டி விகிதமும் அப்படித்தான். விளம்பரப்படுத்தும் ஏபிஆரை, அதாவது வருட வட்டி விகிதத்தை, கார்ட் கிடைத்தவர்களில் குறைந்தது 51% பேருக்குக் கொடுத்தால் போதும். மீதிப் பேருக்குக் கூடுதலாகப் போடலாம்.

அதனால் நேரே விண்ணப்பம் போடாமல் முதலில் தகுதிச் சோதனை செய்து பாருங்கள். வங்கிகளின் தளங்களிலும் விலை ஒப்பிடும் தளங்களிலும் இருக்கும். அது "சாஃப்ட் சர்ச்", உங்கள் கோப்பில் மற்ற வங்கிகளின் கண்ணுக்குத் தெரியாது. உண்மையான விண்ணப்பம் தெரியும், அதுவும் ஒரே மாதத்தில் நாலைந்து போட்டால் அவசரத்துக்குக் காசு தேடுகிற ஆள் என்று நினைத்துவிடுவார்கள்.

நம் ஆட்கள் பலர் தவறவிடுகிற ஒன்று: வாக்காளர் பட்டியல். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை, அதனால் நமக்கு அது இல்லை என்று நினைக்கிறார்கள். இலங்கை, இந்தியா இரண்டும் காமன்வெல்த் நாடுகள், இங்கே இருக்க அனுமதியுள்ள அந்நாட்டவர்கள் வாக்காளராகப் பதியலாம். பதிந்தால் முகவரி உறுதியாகிறது, கார்ட் கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. செலவு எதுவும் இல்லை. பயணத்துக்குச் சில மாதம் முன்பே செய்து வையுங்கள்.

கார்ட் வந்தது, ஆனால் லிமிட் 1,800 பவுண்ட்தான். டிக்கெட்டே 3,600. என்ன செய்வது?

பாதியைக் கார்டிலும் பாதியைக் கையிலுள்ள காசிலும் கட்டலாம், விற்பவர் இரண்டாகப் பிரித்து எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால். பாதுகாப்பு பாதிக்குத்தான் வரும் என்று பயப்படத் தேவையில்லை, கீழே செக்‌ஷன் 75 பற்றிய பதிலைப் பாருங்கள். லிமிட்டை உடனே கூட்டச் சொல்லிக் கேட்பதில் பெரும்பாலும் பயனில்லை, புதுக் கணக்குக்குச் சில மாதம் போக வேண்டும். இன்னொரு கார்டும் எடுத்துச் சமாளிக்கலாமே என்கிற யோசனை எனக்குப் பிடிக்காது: வங்கி 1,800 என்று சொன்னது உங்கள் வருமானத்தைப் பார்த்துத்தான், அதில் கொஞ்சமாவது உண்மை இருக்கும்.

மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கார்ட் வந்தவுடன் ஆப்பில் டைரக்ட் டெபிட் போடச் சொல்லும். திரையில் மூன்று வட்டங்கள் இருக்கும்: குறைந்தபட்சத் தொகை, முழுத் தொகை, நீங்கள் சொல்கிற ஒரு நிலையான தொகை. அவசரத்தில் ஆட்கள் முதலாவதைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மாதாமாதம் தானாகக் காசு போகிறது, வட்டியும் வரவில்லை, எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் ஆபத்து.

கணக்குப் பார்ப்போம். 6,000 பவுண்ட் செலவு, 20 மாதம் 0%, குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 1% என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 60 பவுண்ட் போகும், அடுத்த மாதம் அதைவிடச் சற்றுக் குறைவு, இப்படியே 20 மாதம் ஒரு தவணையும் விடாமல் ஒழுங்காகக் கட்டி முடித்த பிறகு உங்கள் தலையில் இன்னும் சுமார் 4,900 பவுண்ட் கடன் இருக்கும். ஒன்றரை வருடத்துக்கு மேலாகக் கட்டியும் ஐந்தில் ஒரு பங்குகூடச் சரியாகக் குறையவில்லை! 21-ஆவது மாதம் 24.9% தொடங்கினால் மாதத்துக்குச் சுமார் 90 பவுண்ட் வட்டி மட்டும் போகும். பயணம் போய் வந்த படங்கள் ஃபோனில் எங்கோ கீழே போயிருக்கும், பிள்ளை அடுத்த ஆகஸ்ட் எங்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே மூன்றாவது வட்டம். 6,000-ஐ 20-ஆல் வகுத்தால் 300, ஆனால் 20-ஆல் வகுக்காதீர்கள், 18-ஆல் வகுத்து 335 என்று போடுங்கள். ஏன் இரண்டு மாதம் முன்னதாக? 0% காலம் பெரும்பாலும் கணக்குத் திறந்த நாளிலிருந்து எண்ணப்படும், நீங்கள் டிக்கெட் எடுத்த நாளிலிருந்து அல்ல. கார்ட் தபாலில் வந்து, நீங்கள் யோசித்து, வீட்டில் பேசி முடிவெடுத்து டிக்கெட் எடுப்பதற்குள் ஒரு மாதம் போயிருக்கும், முதல் தவணை கட்டுவதற்குள் இன்னொன்று.

இன்னொரு விஷயம், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மூன்று மாதம் அந்த 335-ஐ தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். மூன்றாவது மாதம் அதிலிருந்து எடுத்து மளிகை வாங்கினீர்கள் என்றால் கார்டில் கட்டவும் முடியாது என்று அர்த்தம். 335 முடியாது, 200தான் முடியும் என்றால் 200 பெருக்கல் 18, அதாவது 3,600 பவுண்ட் பயணம்தான் உங்களுடையது. எல்ல ஹோட்டலை விட்டுவிட்டு மாமி வீட்டில் தங்குங்கள், மாமிக்கும் சந்தோஷம்.

ஒரு மாதம் கட்ட மறந்துவிட்டால்?

பொதுவாக 12 பவுண்ட் அபராதம், அது சின்ன விஷயம். பல வங்கிகளின் நிபந்தனையில் ஒரு தவணை தவறினாலே 0%-ஐ ரத்துச் செய்யலாம் என்று இருக்கும், அதுதான் பெரிய விஷயம். அதோடு அந்தத் தவறு கடன் கோப்பில் 6 வருடம் இருக்கும். டைரக்ட் டெபிட் போட்டால் மறப்பதற்கு இடமில்லை. ஆனால் அது போகிற நாளைச் சம்பள நாளுக்கு இரண்டு மூன்று நாள் பின்னால் மாற்றி வையுங்கள், கணக்கில் காசில்லாமல் திரும்பினால் அதுவும் தவறிய தவணைதான்.

கையில் காசு இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் கிரெடிட் கார்டில் கட்ட வேண்டும்?

செக்‌ஷன் 75-க்காக. 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் உள்ள பிரிவு. ஒரு பொருளின் அல்லது சேவையின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரை இருந்து, அதில் ஒரு பகுதியையாவது நீங்கள் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், விற்றவர் சொன்னபடி தராமல் போனால் அவருக்கு இருக்கிற அதே பொறுப்பு கார்ட் கொடுத்த வங்கிக்கும் இருக்கிறது. முன்பணம் 100 பவுண்ட் மட்டும் கார்டில் கட்டி, மீதி 2,900-ஐ வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தாலும் முழு 3,000-க்கும் வங்கி பொறுப்பு. லிமிட் சிறியவர்கள் பயப்பட வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான்.

இது எப்போது தேவைப்படும்? 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. ஹீத்ரோவிலிருந்து மும்பை போய் அங்கிருந்து சென்னைக்கு மாறுகிற டிக்கெட்டைக் கோடைக்கு எடுத்து வைத்திருந்தவர்கள் கையில் இருந்தது வெறும் காகிதம். அதே வருடம் செப்டம்பர் 23-ஆம் தேதி தாமஸ் குக் என்ற பயண நிறுவனம் விழுந்தது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட 1,40,000-க்கும் அதிகமானவர்களை அரசு விமானம் பிடித்துக் கூட்டி வர வேண்டியிருந்தது. இப்படி ஒரு நிறுவனம் திவாலானால் அதனிடம் போய்க் காசு கேட்பதில் பயனில்லை, வரிசையில் கடைசி ஆள் நீங்கள்தான். வங்கி ஓடிப்போகாது.

வெளிநாட்டில் வாங்கியதற்கும் இது செல்லும். வங்கிகள் செல்லாது என்று வாதாடிப் பார்த்தன. 2007-இல் பிரபுக்கள் சபை, அப்போது அதுதான் உச்ச நீதிமன்றம், செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே நுவரெலியா ஹோட்டலின் சொந்தத் தளத்தில் உங்கள் பிரிட்டிஷ் கிரெடிட் கார்டால் நேரே கட்டி, போய் இறங்கினால் அறை இல்லை என்றால், இங்கே வந்து வங்கியிடம் கேட்கலாம்.

டெபிட் கார்டுக்கு "சார்ஜ்பேக்" என்று ஒன்று இருக்கிறது, கட்டிய காசை வங்கி வழியாகத் திரும்பக் கேட்கிற வழி, அதுவும் நல்லதுதான். ஆனால் அது விசா, மாஸ்டர்கார்ட் நிறுவனங்களின் விதி, சட்டம் அல்ல. பொதுவாக 120 நாளுக்குள் கேட்க வேண்டும் என்ற கணக்கும் உண்டு.

எதற்கு உதவாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விலை ஒரு பொருளுக்கு 100-ஐத் தாண்ட வேண்டும், 40 பவுண்ட் வீதம் நாலு ரயில் டிக்கெட் எடுத்தால் மொத்தம் 160 ஆனாலும் கணக்கில் வராது. நீங்கள் காய்ச்சலில் படுத்துப் பயணத்தை ரத்துச் செய்தால் விற்றவர் மீது தவறில்லை, ஆகவே செக்‌ஷன் 75-உம் இல்லை. அதற்குப் பயணக் காப்பீடு. டிக்கெட் எடுத்த அன்றே எடுங்கள், கிளம்புகிற அன்று எடுத்தால் இடையில் நடந்தது எதற்கும் காசு வராது.

வங்கி முடியாது என்று கடிதம் அனுப்பினால் அதோடு விட்டுவிடாதீர்கள். புகாராகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், 8 வாரத்தில் இறுதிப் பதில் தர வேண்டும், தராவிட்டாலோ பதில் பிடிக்காவிட்டாலோ வங்கிக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்கிற நிதித்துறை ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். இலவசம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதம் அவகாசம்.

நம்முடைய ஆள் ஒருவர் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். அவரிடம் எடுத்தால் மலிவு, ஆனால் காசாகத் தா அல்லது கணக்கில் போடு என்கிறார்.

இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. பதிலும் ஒரே வரியில் வராது.

முதலில், கார்டில் கட்டினால் 3% கூட என்று அவர் சொன்னால், அப்படி வாங்க அவருக்கு உரிமை இல்லை. 2018 ஜனவரி 13-ஆம் தேதியிலிருந்து தனிநபர் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் வசூலிப்பது பிரிட்டனில் தடை. தெரியாமல் கேட்பவர்களும் உண்டு, மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது கொஞ்சம் சிக்கலானது. செக்‌ஷன் 75 வேலை செய்ய நீங்கள், வங்கி, சேவை தருபவர் மூவருக்கும் நேர்த் தொடர்பு இருக்க வேண்டும். விமானம் ஓட்டுவது ஸ்ரீலங்கன், காசு போவது ஏஜென்டின் பெயருக்கு என்றால் நடுவில் ஆள் புகுந்து சங்கிலி அறுந்துவிடுகிறது. கார்டில்தான் கட்டினேன் என்றாலும் வங்கி தட்டிக்கழிக்கலாம். ஹோட்டல் புக்கிங் தளங்களிலும், நடுவில் வேறொரு பேமென்ட் சேவை வழியாகக் கட்டும்போதும் இதே தொல்லைதான். விமானமும் ஹோட்டலும் சேர்ந்த பேக்கேஜாக ஏஜென்சி விற்றால் நிலைமை வேறு: 2018-ஆம் ஆண்டின் பேக்கேஜ் பயண விதிகளின்படி விற்றவரே முழுப் பொறுப்பாளி, சங்கிலியும் அறுவதில்லை.

அப்படியானால் ஏஜென்டிடம் வெறும் டிக்கெட் எடுக்கவே கூடாதா? எடுக்கலாம், காசு கொடுத்தவுடன் இரண்டில் ஒன்று கையில் வர வேண்டும். ஒன்று, அட்டோல் சான்றிதழ், பயண நிறுவனம் திவாலானால் உங்கள் காசைக் காப்பாற்றுகிற பிரிட்டிஷ் திட்டத்தின் சான்றிதழ். அதிலுள்ள எண்ணை விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் போட்டு அந்த ஏஜென்சியின் பெயர் வருகிறதா என்று பார்க்கலாம். இல்லாவிட்டால் உண்மையான இ-டிக்கெட். வாட்ஸ்அப்பில் ஆறு எழுத்து உள்ள ஒரு புக்கிங் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி "உறுதியாகிவிட்டது அண்ணா" என்பார்கள். அது இடம் பிடித்து வைத்ததற்கான எண், டிக்கெட் அல்ல. காசு விமான நிறுவனத்துக்குப் போகாவிட்டால் சில நாளில் தானாக விழுந்துவிடும். டிக்கெட் எண் 13 இலக்கம்: ஸ்ரீலங்கன் என்றால் 603-இல் தொடங்கும், ஏர் இந்தியா என்றால் 098. அந்த எண்ணைக் கேளுங்கள். கேட்பது சந்தேகப்படுவது அல்ல, நல்ல ஏஜென்ட் கேட்காமலே அனுப்புவார்.

பிறகு கணக்குப் பாருங்கள். விமான நிறுவனத்தின் தளத்தில் 3,600, ஏஜென்டிடம் 3,480 என்றால், 120 பவுண்டுக்காக இந்தப் பாதுகாப்பையும் 0%-ஐயும் விட நான் மாட்டேன். வித்தியாசம் 500 என்றால், அட்டோலும் இருந்தால், யோசிப்பேன்.

மாமாவின் கார்டில் எடுத்துவிட்டு மாதாமாதம் அவருக்குக் கொடுக்கலாமா?

கடன் அவருடையது. நீங்கள் ஒரு மாதம் தாமதித்தால் கெடுவது அவருடைய கோப்பு, அடுத்த கல்யாண வீட்டில் கெடுவது உறவு. மாமா உங்களோடு வராத பயணத்துக்குச் செக்‌ஷன் 75 கேட்டால் வங்கி கேள்வி கேட்கும், ஏனென்றால் ஒப்பந்தம் யாருடையது என்பது அங்கே முக்கியம். கணவன் பெயரில் உள்ள கார்டில் மனைவிக்குக் கூடுதல் கார்ட் இருந்து, இருவரும் சேர்ந்து போகிற குடும்பப் பயணம் என்றால் பிரச்சினை குறைவு. அப்படியும் முதன்மைக் கார்ட்காரரின் கையாலேயே புக் செய்துவிடுவது நல்லது.

ஊரில் இறங்கியபிறகு அதே கார்டில் செலவழிக்கலாமா?

வேண்டாம். 0% என்பதால் ஊரிலும் எல்லாம் இலவசம் என்று நினைத்துவிடுவோம். பெரும்பாலான 0% கார்டுகளில் பவுண்ட் அல்லாத நாணயத்தில் தேய்த்தால் 3%-ஐ ஒட்டி ஒரு கட்டணம் விழும், 500 பவுண்ட் செலவுக்குச் சுமார் 15. வெளிநாட்டுக் கட்டணம் இல்லாத இன்னொரு கார்டை, டெபிட் கார்டாக இருந்தாலும் சரி, ஊர்ச் செலவுக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நுவரெலியா ஹோட்டல் ரூபாயில் காசு எடுத்தாலும் இந்தக் கட்டணம் உண்டு, அங்கே பாதுகாப்புக்காக அதைக் கொடுக்கலாம்.

கொழும்பு ஹோட்டலில் மெஷினை நீட்டும்போது திரையில் இரண்டு தொகை வரும், ஒன்று பவுண்டில், ஒன்று ரூபாயில். வரவேற்பறைப் பிள்ளை சிரித்துக்கொண்டே "பவுண்டில் போடட்டுமா?" என்று கேட்கும். ரூபாயில் போடச் சொல்லுங்கள். பவுண்டில் போட்டால் மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது அந்த மெஷின்காரர்கள், அவர்கள் உங்களுக்குச் சாதகமாகத் தீர்மானிப்பதில்லை.

ஏடிஎம்மில் இந்தக் கார்டைப் போடவே போடாதீர்கள். காசு எடுப்பது பர்ச்சேஸ் அல்ல. 0% கிடையாது, அன்றைக்கே கட்டணமும் வட்டியும் தொடங்கும், கோப்பிலும் பதியும். இங்கே வெளிநாட்டுப் பணம் வாங்குவது, ஊருக்குக் காசு அனுப்பும் நிறுவனத்தில் கார்டால் கட்டுவது, இவற்றையும் பல வங்கிகள் காசு எடுத்ததாகவே எண்ணும்.

சீட்டுப் பிடித்துப் போவது நல்லதா, கார்டில் போவது நல்லதா?

கடைசியாகச் சீட்டு எடுப்பவர் என்றால் சீட்டு சேமிப்பு, அதற்கு நான் எதிரி அல்ல. ஆனால் பயணத்துக்காக இரண்டாம் மூன்றாம் மாதமே கழித்து எடுக்கிறவர்கள் அதை வட்டியில்லாக் காசு என்று நினைக்கிறார்கள். 6,000 பவுண்ட் சீட்டை 800 கழித்து 5,200-க்கு எடுத்தால் அந்த 800 என்ன? பெயர்தான் வேறு. அதோடு தாய்ச்சீட்டுக்காரர் கைவிரித்தால் ஒம்பட்ஸ்மன் இல்லை, காகிதமும் பெரும்பாலும் இல்லை. 0% கார்ட் கிடைக்கிற, மாதாமாதம் கட்டுகிற ஒழுங்கு இருக்கிற ஆளுக்குக் கார்ட்தான் மலிவு. சீட்டுக்கு இருக்கிற ஒரே பலம், கட்டாவிட்டால் நாலு பேர் கேட்பார்கள் என்பது. சிலருக்கு வங்கியின் கடிதத்தைவிட அது வேலை செய்யும், மறுக்க மாட்டேன்.

0% முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது, இன்னும் 2,000 பாக்கி.

இப்போதே பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் பாருங்கள், முடிந்தபிறகு அல்ல. மாற்றுவதற்கு 3% கட்டணம் என்றால் 60 பவுண்ட், மாற்றாமல் 24.9%-இல் விட்டால் மாதம் 37 பவுண்ட் அளவில் வட்டி, அதாவது இரண்டு மாத வட்டிக்குள் கட்டணம் வந்துவிடும். அதே வங்கிக் குழுமத்தின் இன்னொரு கார்டுக்கு மாற்ற விட மாட்டார்கள், வேறு வங்கியாகத் தேடுங்கள். புதுக் கார்ட் வந்ததும் பழையதில் மீண்டும் லிமிட் காலியாக இருக்கும், அதில் அடுத்த பயணத்தை எடுத்தால் பிறகு இரண்டு கடன்.

அடுத்த வருடம் வீடு வாங்க யோசிக்கிறோம்.

அப்படியானால் இந்த வருடம் இது வேண்டாம். 0% ஆனாலும் மார்ட்கேஜ் கொடுப்பவர்கள் அந்தப் பாக்கியைக் கடனாகவும், அதில் ஒரு பகுதியை மாதச் செலவாகவும் எண்ணுவார்கள், உங்களுக்குத் தரும் தொகை குறையும்.

காசைச் சேமிப்பில் போட்டுவிட்டு 0% கார்டில் போனால் லாபம்தானே?

லாபம்தான். 6,000 உங்களிடம் இருக்கிறது, அதை 4% தருகிற கணக்கில் வைத்து மாதம் 300 எடுத்துக் கட்டினால் 20 மாதத்தில் 200 பவுண்ட் போலக் கிடைக்கும். தொடாமல் வைத்திருக்க முடிகிறவர்களுக்கு மட்டும். கார் பழுதாகும், ஊரில் ஒரு கல்யாணம் வரும், அந்தக் காசு கண் முன்னால் இருக்கும்.

இடையில் வேலை போய்விட்டால்?

தவணை தவறுவதற்கு முன்பே வங்கியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மறைத்து வைத்து இன்னொரு கார்டில் எடுத்து இதைக் கட்டுவதுதான் ஆட்களை உண்மையில் மூழ்கடிக்கிறது. ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றுமே இலவசமாக ஆலோசனை சொல்லும், யாருக்கும் தெரியப்போவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதத்திலிருந்து "பிரீத்திங் ஸ்பேஸ்" என்று ஒரு திட்டம் உண்டு. கடன் ஆலோசகர் வழியாக அதில் சேர்ந்தால் 60 நாளைக்குப் பெரும்பாலான கடன்களுக்கு வட்டியும் அபராதமும் நிற்கும், வசூல்காரரும் தொந்தரவு செய்ய முடியாது. கடனைத் தீர்த்துத் தருகிறோம் என்று முகநூலில் தமிழில் விளம்பரம் போட்டுக் கட்டணம் கேட்கிறவர்களிடம் போக வேண்டாம்.

எல்லாம் கட்டி முடித்தபிறகு கார்டை மூடிவிடலாமா?

பயணம் முடிந்து வந்துவிட்டீர்கள், பாக்கி பூச்சியம் என்றால் மூடலாம், வைத்தும் இருக்கலாம். பயணத்துக்கு முன்பே கடனை அடைத்துவிட்டவர்கள் மட்டும் திரும்பி வரும்வரை திறந்து வையுங்கள். மூடினாலும் செக்‌ஷன் 75 உரிமை போகாது, ஆனால் விமானம் ரத்தாகி ரீஃபண்ட் வந்தால் அது அதே கார்டுக்குத்தான் வரும், மூடிய கணக்குக்கு வந்த காசைத் தேடி வங்கியோடு ஃபோனில் தொங்குவது தேவையில்லாத வேலை.